இறைவனின் அழைப்பும் இஞ்ஞாசியாரின் பதிலும்

நமது பங்கின் பொன்விழா மலருக்கு எதை எழுதுவது என்று எண்ணியபோது, பங்கு இல்லத்தின் வாசலில் நாம் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வியே முதலில் நினைவுக்கு வந்தது. பள்ளி இறுதித் தேர்வு எழுதிய பையன் வருகிறான். மேற்படிப்பா, குருமடமா என்று அவனுக்குத் தெரியவில்லை. மகளுக்கு இரண்டு இடங்களிலிருந்து வரன் வந்த தாய் வருகிறார். வெளிநாட்டில் வேலை கிடைத்தும், வயதான பெற்றோரைத் தனியே விட்டுப் போகலாமா என்று கலங்கும் குடும்பத் தலைவர் வருகிறார். மூவரும் வெவ்வேறு சொற்களில் கேட்பது ஒன்றையே. இறைவனின் திருவுளம் இதுதான் என்று நாம் எப்படி அறிவது? அவர் அழைக்கிறார் என்றால், அந்த அழைப்பு நம் காதில் எப்படி விழும்?

இக்கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்லி அனுப்ப நம்மால் முடிவதில்லை. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டுப் பின்னர் வருந்தியதும் உண்டு. ஆகவே விடை சொல்வதைவிட, அந்த விடையைக் கற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட ஒருவரின் வாழ்க்கையைச் சொல்வதே நலம் என்று கருதினோம். அவர்தான் சேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார். அவரைப் பீடத்தில் வைத்து வணங்குகிறோம். ஆனால் அவர் எத்தனை முறை வழி தவறி, எத்தனை முறை திரும்பி வந்தார் என்பதை நாம் அதிகமாக நினைப்பதில்லை.

அரண்மனையும் வாளும்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் இன மக்கள் வாழும் மலைப்பகுதியில் லொயோலா என்னும் கோட்டை வீடு இருக்கிறது. அங்கே 1491-ஆம் ஆண்டில் பிரபுக் குடும்பம் ஒன்றின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். ஞானஸ்நானப் பெயர் இனிகோ. தாயாரைச் சிறு வயதிலேயே இழந்ததால், அயலில் இருந்த கொல்லரின் மனைவியே அவருக்குப் பாலூட்டி வளர்த்தார். பதினைந்து வயதளவில், அரசரின் கருவூல அதிகாரியாக இருந்த ஒரு பெரியவரின் மாளிகைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அழகாக எழுதவும், குதிரை ஏறவும், வாள் சுழற்றவும் கற்றார். சூதாட்டம், சண்டை, பெண்களின் கவனத்தைக் கவரும் பகட்டு இவையும் கூடவே வந்தன. விசுவாசம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது. பூசை கண்டார், செபம் சொன்னார். ஆனால் அந்த விசுவாசம் ஞாயிற்றுக்கிழமை உடுத்திக் கழற்றும் உடையைப் போல இருந்தது. நம்மில் பலருக்கு இது புதிய செய்தியன்று.

1521-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாள், பம்பலோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியது. எதிரிகளின் எண்ணிக்கையைக் கண்டு மற்றவர்கள் சரணடைய எண்ணியபோது, இறுதிவரை போராட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இனிகோவே. பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை முறித்து, மற்றக் காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்ததும் கோட்டையும் விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அவரைக் கண்ணியமாக நடத்தி, தூக்குக் கட்டிலில் சொந்த ஊருக்கு அனுப்பி வைத்தார்கள்.

எலும்பு சரியாகப் பொருந்தாததால் மீண்டும் முறித்துக் கட்டினார்கள். நிலைமை மோசமாகி, அவஸ்தைப் பூசுதல் பெறும் நிலைக்கு வந்தார். அர்ச். இராயப்பர், சின்னப்பர் திருநாளுக்கு முந்திய இரவைத் தாண்டுவாரா என்று மருத்துவர்கள் ஐயுற்றார்கள். தாண்டினார். ஆயினும் மனம் மாறவில்லை. முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இறுக்கமான நாகரிகக் காலணி அணிந்தால் அது அசிங்கமாகத் தெரியுமே என்பதற்காக, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில் அந்த எலும்பை அறுத்து எடுக்கச் சொன்னார். சாவின் விளிம்பைத் தொட்டு வந்தவரின் முதல் கவலை காலணியின் அழகாக இருந்தது. துன்பம் வந்துவிட்டால் தானாகவே இறைவனின் குரல் கேட்டுவிடும் என்று நாம் எண்ணுவது எவ்வளவு தவறு!

படுக்கையில் கற்ற முதல் பாடம்

மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டியதாயிற்று. பொழுது போக்க வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வரலாறும், புனிதர் சரித்திரமும்தான் கிடைத்தன. வேறு வழியில்லாமல் வாசித்தார். வாசித்துவிட்டுக் கனவு காண்பார். சில வேளை, உயர்குலப் பெண்ணொருத்தியின் முன் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்களை எண்ணி மூன்று நான்கு மணி நேரம் மெய்மறந்திருப்பார். வேறு சில வேளை, பிரான்சிஸ்கு அசிசியாரும் சாமிநாதரும் செய்தவற்றைத் தாமும் செய்தால் என்ன என்று எண்ணுவார். இரண்டு கனவுகளும் காணும்போது இன்பமாகவே இருந்தன.

வேறுபாடு பின்னால்தான் தெரிந்தது. முதல் கனவு கலைந்ததும் உள்ளம் வறண்டு, வெறுமையாகிக் கிடந்தது. இரண்டாவது கலைந்த பின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இதை அவர் முதலில் கவனிக்கவில்லை. ஒருநாள் கவனித்தார், வியந்தார், ஏன் என்று சிந்தித்தார். அவருடைய ஆன்மீகப் படிப்பின் அரிச்சுவடி இதுவே. ஓர் எண்ணம் வரும்போது எப்படி இருக்கிறது என்பதோடு, அது போன பின் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிற்காலத்தில் அவர் உருவாக்கிய ஞான ஒடுக்கத்தில், உள்ளத்து எண்ணங்களைப் பிரித்தறியும் விதிகளாக விரிந்தது இந்தச் சிறு கண்டுபிடிப்புத்தான். அதைக் கண்டபோது அவர் குருவானவரும் அல்லர், கல்விமானும் அல்லர். கால் முறிந்து கிடந்த ஒரு பொதுநிலையினர்.

கால் குணமாயிற்று. ஆனால் வாழ்நாள் முழுவதும் சற்று நொண்டியே நடந்தார். வீட்டை விட்டுப் புறப்படும் எண்ணத்தை மோப்பம் பிடித்த அண்ணன், அவரை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அழைத்துச் சென்று, குடும்பத்தின் பெயரையும் அவர்மீது எல்லோரும் வைத்திருந்த நம்பிக்கையையும் எடுத்துச் சொல்லி, வாழ்வை வீணாக்க வேண்டாம் என்று மன்றாடினார். அண்ணன் கெட்டவர் அல்லர், தம்பிமீது பாசமுள்ளவர். பாசமே சில வேளை அழைப்புக்குத் தடையாக நிற்கிறது என்பதைப் பெற்றோர் நினைவில் கொள்வது நல்லது.

கோவேறு கழுதையிடம் விட்ட முடிவு

1522-இல் அவர் மொன்செராட் மலையிலுள்ள தேவமாதா திருத்தலத்திற்குப் புறப்பட்டார். வழியில் முகமதியர் ஒருவரோடு பேச்சு வளர்ந்து, அன்னையின் கன்னிமையைப் பற்றிய வாக்குவாதமாயிற்று. அவர் முந்திச் சென்ற பின், இனிகோவின் உள்ளத்தில் பழைய போர்வீரன் விழித்துக்கொண்டான். துரத்திச் சென்று குத்துவதா, விட்டுவிடுவதா? முடிவு செய்ய இயலாமல், தாம் ஏறியிருந்த கோவேறு கழுதையின் கடிவாளத்தைத் தளர்த்திவிட்டார். அது அந்த மனிதர் சென்ற ஊரின் பாதையில் திரும்பினால் குத்துவது, நேர்வழியில் போனால் விட்டுவிடுவது. ஊருக்குப் போகும் பாதை அகலமானது, நல்லது. இருந்தும் கழுதை மற்ற வழியில் போயிற்று. ஓர் உயிர் தப்பியது.

திருவுளச் சீட்டுப் போட்டுப் பார்க்கும் நம் மக்களுக்கு இந்நிகழ்ச்சி புரியும். பீடத்தில் இரண்டு சீட்டுகளை வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்லி, அதுவே கடவுளின் விருப்பம் என்று எடுத்துக்கொள்கிறோம். இறைவன் அன்று கழுதையின் மூலமும் இரக்கம் காட்டினார். ஆனால் இனிகோ அந்த வகுப்பிலேயே தங்கிவிடவில்லை. அறிவையும் உள்ளத்தையும் தந்த ஆண்டவர், அவற்றைப் பயன்படுத்தித் தம்மைத் தேட வேண்டும் என்று விரும்புகிறார் என்பதைப் பின்னர் கற்றுக்கொண்டார்.

மொன்செராட்டில் மூன்று நாள் எடுத்து, முழு வாழ்வுக்கும் பாவசங்கீர்த்தனம் செய்தார். மார்ச் 24-ஆம் நாள் இரவு, தம் விலையுயர்ந்த உடையை ஒரு பிச்சைக்காரருக்குக் கொடுத்து, சாக்குத் துணி உடுத்தி, வாளைத் தேவமாதாவின் பீடத்தில் விட்டுவிட்டு விடியும்வரை விழித்திருந்தார். மறுநாள், அந்த உடையைத் திருடியதாக அந்த ஏழைமீது சந்தேகப்பட்டார்கள். செய்தி கேட்டு இனிகோ கண்ணீர் விட்டார். நற்செயலும் முன்யோசனை இல்லாவிட்டால் பிறருக்குத் தொல்லையாகலாம் என்று அன்று அறிந்தார்.

பக்தி வேடத்தில் வந்த குரல்

அடுத்து மன்ரேசா என்னும் சிற்றூர். சில நாள் தங்க நினைத்தவர் ஏறக்குறைய பதினொரு மாதங்கள் தங்கினார். பிச்சை எடுத்து உண்டார். நாள்தோறும் ஏழு மணி நேரம் செபித்தார். முன்பு தலைமுடியைப் பேணியவர், இப்போது முடியையும் நகத்தையும் வெட்டாமல் விட்டார். கடுந்தவத்தால் வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். அந்த நோய் கடைசிவரை அவரைவிட்டு நீங்கவில்லை.

அங்கேதான் பெரும் சோதனை வந்தது. சொன்ன பாவங்களைச் சரியாகச் சொன்னோமா என்ற ஐயம் அவரைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி இல்லை. அறையில் இருந்த பள்ளத்தில் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழுந்தது. அது இறைவனுக்கு விரோதம் என்ற ஒரே பிடியில் தப்பினார். அமைதி கிடைக்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஆன்ம குரு உண்ணச் சொன்னார், உண்டார். பின்னர்தான் தெளிவு பிறந்தது. இந்த ஐயம் எப்படித் தொடங்கியது, எங்கே கொண்டுபோய் விட்டது என்று திரும்பிப் பார்த்தார். முடிவில் உயிரையே மாய்க்கத் தூண்டும் குரல், எவ்வளவு பக்தியான உடை உடுத்தி வந்தாலும், இறைவனுடையதன்று என்று கண்டார். மன்னிக்கப்பட்ட பழைய பாவங்களைத் திரும்பச் சொல்வதை விட்டார். முடியையும் நகத்தையும் வெட்டிக்கொண்டார்.

ஒருநாள் கர்தொனேர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது, அவர் உள்ளத்தில் பெரும் ஒளி உண்டாயிற்று. காட்சி எதுவும் இல்லை. ஆனால் விசுவாச உண்மைகளும் உலகக் காரியங்களும் புதிதாகப் புரிந்தன. வாழ்நாள் முழுவதும் கற்ற அனைத்தையும் சேர்த்தாலும் அன்று பெற்றதற்கு ஈடாகாது என்று முதுமையில் கூறினார். அந்நாட்களில் இறைவன் தம்மை ஓர் ஆசிரியர் சிறு பிள்ளையை நடத்துவதுபோல நடத்தினார் என்பதே அவருடைய கருத்து. அழைப்பைக் கேட்பது ஒரே நொடியில் முடிகிற காரியம் அன்று. பள்ளிக்கூடம் போவதைப் போன்றது.

அடைக்கப்பட்ட கதவு

இப்போது அவருக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அல்லது தெரிந்ததாக நினைத்தார். ஆண்டவர் நடந்த புண்ணிய பூமியிலேயே வாழ்ந்து, அங்குள்ள ஆன்மாக்களுக்கு உதவி, அங்கேயே மடிவது. கையில் காசில்லாமல் உரோமைக்கும் வெனிசுக்கும் போய், கப்பலேறி, 1523-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் எருசலேம் நகருக்குள் நுழைந்தார். அவர் அடைந்த ஆனந்தத்தை நம்மால் ஓரளவு ஊகிக்க முடியும்.

ஆனால் திருத்தலங்களைக் காத்துவந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவர் அவரைத் தங்க அனுமதிக்கவில்லை. அப்படித் தங்கியவர்கள் சிலர் சிறைப்பட்டதும், சிலர் இறந்ததும் உண்டு; சிறைப்பட்டவர்களை மீட்கும் சுமை மடத்தின்மேல் விழுந்தது. இனிகோ அசையவில்லை. அப்போது தலைவர், இதற்குப் பாப்பரசர் தந்த அதிகாரம் தமக்கு உண்டு என்றும், மீறினால் திருச்சபைக்குப் புறம்பாக்க நேரும் என்றும் தெரிவித்தார். அதிகாரப் பத்திரத்தைக் காட்டவும் முன்வந்தார். இனிகோ அதைப் பார்க்க வேண்டியதில்லை என்று கூறிக் கீழ்ப்படிந்தார்.

புறப்படுமுன் ஒருமுறை ஒலிவ மலைக்குத் தனியே ஓடினார். ஆண்டவர் விண்ணேறியபோது பதிந்ததாகக் கூறப்படும் காலடித் தடம் அங்கே கல்லில் உண்டு. காவலருக்குத் தம் பேனாக்கத்தியைக் கொடுத்து உள்ளே போய்ப் பார்த்தார். திரும்பும் வழியில், வலது பாதம் எந்தப் பக்கம், இடது பாதம் எந்தப் பக்கம் என்று பார்க்க மறந்தது நினைவு வந்தது. மீண்டும் ஓடி, இம்முறை கத்தரிக்கோலைக் கொடுத்துப் பார்த்து வந்தார். தேடி வந்த மடத்துப் பணியாள் கோபத்தோடு அவர் கையைப் பிடித்து இழுத்துச் சென்றார். ஆண்டவரின் பாதம் எந்தத் திசையை நோக்கி இருந்தது என்று இரண்டு முறை பார்த்தவருக்கு, தம் பாதம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று அன்று தெரியவில்லை.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அவருடைய ஆசை பாவ ஆசையா? இல்லை. சுயநலமா? இல்லை. செபத்தில் பிறந்த, தூய்மையான ஆசை. இருந்தும் அது இறைவனின் திட்டம் அன்று. நல்ல ஆசைகளெல்லாம் அழைப்பு ஆகிவிடுவதில்லை. கன்னியர் மடத்தில் சேர்ந்து, உடல்நலம் இடங்கொடாமல் திரும்பி வந்த பெண்களுக்கும், குருமடத்திலிருந்து அனுப்பப்பட்ட இளைஞர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறோம். கதவு அடைபட்டால் இறைவன் உங்களைத் தள்ளிவிட்டார் என்பது பொருளன்று. ஊரார் ஏளனமாகப் பார்த்தால், அது ஊராரின் அறியாமை. இஞ்ஞாசியாரும் அப்படித் திரும்பி வந்தவர்தாம்.

சிறுவர்களோடு பள்ளி இருக்கையில்

திரும்பும் கப்பலில் அவர் தம்மையே கேட்டுக்கொண்டது, இனி என்ன செய்வது என்பதுதான். ஆன்மாக்களுக்கு உதவ வேண்டுமானால் படிக்க வேண்டும் என்று தோன்றியது. முப்பத்து மூன்று வயதில், பார்சலோனா நகரில், சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் இலக்கணம் படிக்கத் தொடங்கினார்.

அங்கே ஒரு புதுமை நடந்தது. வினைச்சொற்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்ததும், உயர்ந்த தியானச் சிந்தனைகளும் ஞான இன்பமும் வெள்ளமாய்ப் பெருகும். பாடம் நடக்காது. ஆனால் பூசை நேரத்திலும் செப நேரத்திலும் இவ்வளவு இன்பம் வருவதில்லை. மன்ரேசாவில் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. இது சோதனை என்று கண்டுகொண்டார். கடல் அன்னையின் ஆலயத்தில் ஆசிரியரை உட்கார வைத்து, நடந்ததையெல்லாம் சொல்லி, இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகப் பாடம் கேட்பதாக வாக்குக் கொடுத்தார். சோதனை ஓய்ந்தது.

சமையல் நேரத்தில் செபமாலைக் கூட்டமும், பிள்ளையின் வீட்டுப்பாட நேரத்தில் நவநாளும் என்று இருப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். செபத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்தந்த நேரத்துக் கடமையில்தான் அந்தந்த நேரத்து அழைப்பு இருக்கிறது என்று இஞ்ஞாசியார் கற்றதைச் சொல்கிறோம்.

பின்னர் அல்காலா, சாலமாங்கா என்னும் பல்கலைக்கழக நகர்கள். படிக்காத பொதுநிலையினர் மறை போதிக்கிறாரே என்று சந்தேகப்பட்டு, முதல் ஊரில் 42 நாளும், அடுத்த ஊரில் 22 நாளும் திருச்சபை அதிகாரிகள் அவரைச் சிறையில் வைத்தார்கள். போதனையில் குற்றம் காணவில்லை. ஆனால் மேலும் படிக்கும்வரை சிலவற்றைப் பேசக்கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். கசப்பு கொண்டு திருச்சபையை விட்டு விலகுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. அவர் செய்தது, மேலும் படிக்கப் பாரிசுக்கு நடந்தது. 1528-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள், தேவமாதா சுத்திகரத் திருநாளன்று, அந்நகரை அடைந்தார்.

ஓர் அறையில் மூவர்

பாரிசில் அர்ச். பார்பரம்மாள் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த அறைத் தோழர்கள் இருவர். ஒருவர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பீட்டர் பேபர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபுக் குடும்பத்தவரான பிரான்சிஸ் சவேரியார். பம்பலோனாவில் இனிகோ காயமுற்ற அந்தப் போரில், சவேரியாரின் அண்ணன்மார் எதிரணியில் நின்றவர்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

இஞ்ஞாசியார் அவசரப்படவில்லை. ஒருவரின் உள்ளத்தில் இறைவன் பேசும்போது மூன்றாம் மனிதர் குறுக்கே நின்று கத்தக்கூடாது என்பது அவர் கண்ட உண்மை. பேபரும் அவரைப்போலவே பாவ ஐயங்களால் வாடியவர். நான்கு ஆண்டுகள் அவரோடு நடந்த பிறகே ஞான ஒடுக்கம் கொடுத்தார். சவேரியார் உலகப் புகழில் நாட்டமுள்ளவர். அவர் வளைந்து கொடுக்க இன்னும் அதிக காலம் ஆயிற்று. 1534-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், தேவமாதா விண்ணேற்புத் திருநாளில், மொன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு தோழர்கள் கூடினார்கள். அவர்களுள் குருவாக இருந்த ஒரே ஒருவரான பேபர் பூசை செய்தார். வறுமை, கற்பு ஆகியவற்றோடு, எருசலேம் செல்வதாகவும் வாக்களித்தார்கள். பழைய ஆசை இன்னும் சாகவில்லை! ஆனால் இம்முறை அதோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது. ஓராண்டு காத்திருந்தும் போக வழி கிடைக்காவிட்டால், பாப்பரசரிடம் போய், அவர் அனுப்பும் இடத்திற்குச் செல்வது. மன்ரேசாவில் தாமே திட்டமிட்டவர், இப்போது இறைவன் திட்டத்தை மாற்றுவதற்கும் இடம் விட்டு வைத்தார். பதினோர் ஆண்டுகளில் அவர் கற்றது இதுவே.

1537-இல் வெனிஸ் நகரில் தோழர்கள் கூடி, மருத்துவமனைகளில் நோயாளருக்குப் பணிவிடை செய்தபடி கப்பலுக்குக் காத்திருந்தார்கள். ஜூன் 24-ஆம் நாள் இஞ்ஞாசியார் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. அவ்வாண்டு வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டதால், யாத்திரைக் கப்பல் புறப்படவே இல்லை. கதவு இரண்டாம் முறை அடைபட்டது. இம்முறை அவர் வாதாடவில்லை; உரோமைக்குத் திரும்பினார். நகரை நெருங்கும் வழியில் லா ஸ்தோர்த்தா என்னும் சிற்றாலயத்தில் செபித்தபோது, பிதாவாகிய இறைவன் தம்மைச் சிலுவை சுமக்கும் திருமகனோடு சேர்த்து வைப்பதாக உணர்ந்தார். எந்த ஊரில் வாழ்வது என்ற கேள்வி அதோடு அடங்கிற்று. யாரோடு இருக்கிறோம் என்பதே போதுமானதாயிற்று. 1538-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளில், மரியன்னை பேராலயத்தின் மாட்டுத்தொழுவப் பீடத்தில் தம் முதல் பூசையை நிறைவேற்றினார். பெத்லகேமுக்குப் போக இயலாதவருக்கு உரோமையிலேயே பெத்லகேம் கிடைத்தது.

ஒரு காய்ச்சலும் நம் கடற்கரையும்

1540-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் சேசு சபையை அங்கீகரித்தார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, தமிழராகிய நாம் மறக்கலாகாத ஒரு நிகழ்ச்சி நடந்தது. இந்தியாவுக்குக் குருக்கள் வேண்டும் என்று போர்த்துக்கல் அரசர் கேட்டிருந்தார். இஞ்ஞாசியார் தெரிந்தெடுத்தவர்களுள் ஒருவர் பொபதில்லா என்னும் தோழர். புறப்படும் தறுவாயில் அவர் நோயில் விழுந்தார். தூதுவர் காத்திருக்க மாட்டார். செயலாளராக உடனிருந்த சவேரியாரை இஞ்ஞாசியார் அழைத்தார். அவர் உடனே இணங்கி, கிழிந்த உடையைத் தைத்துக்கொண்டு மறுநாளே புறப்பட்டார். நண்பர்கள் இருவரும் இவ்வுலகில் மீண்டும் சந்திக்கவில்லை.

1542-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் கோவாவில் இறங்கிய சவேரியார், அவ்வாண்டிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் ஞானஸ்நானம் பெற்றும், போதிப்பார் இல்லாதிருந்த பரதவ மக்களிடையே, மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஒருவரின் காய்ச்சல் மற்றொருவரின் அழைப்பாயிற்று. அந்த அழைப்பு தமிழ் மண்ணின் ஆசீர்வாதமாயிற்று. பம்பலோனாக் குண்டு, அடைபட்ட எருசலேம், ஓடாத வெனிஸ் கப்பல், பொபதில்லாவின் நோய் இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நம் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

1553-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இஞ்ஞாசியார் சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் அவரை அடையவே இல்லை. 1552 டிசம்பர் 3-ஆம் நாளே சீனக் கரையோரத் தீவொன்றில் சவேரியார் உயிர்நீத்திருந்தார்.

மேசையும் மரணமும்

1541 ஏப்ரலில் தோழர்கள் இஞ்ஞாசியாரைத் தலைவராகத் தெரிந்தார்கள். அவர் மறுத்தார். மீண்டும் வாக்களித்தார்கள், மீண்டும் அவரே. தம் ஆன்ம குருவான பிரான்சிஸ்கு சபைத் துறவியிடம் சென்று, தம் குறைகள் அனைத்தையும் சொல்லித் தீர்ப்புக் கேட்டார். பதவியை ஏற்பதே கடமை என்று அவர் கூற, ஏற்றார். புண்ணிய பூமியில் அலைந்து திரிய விரும்பியவர், பதினைந்து ஆண்டுகள் உரோமையில் சிறிய அறைகளில் மேசையருகே அமர்ந்து வாழ்ந்தார். அவர் பெயரால் சென்ற கடிதங்களில் ஏறக்குறைய ஏழாயிரம் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நோயுற்ற துறவியரை நீண்ட தியானத்திலிருந்து விடுவிப்பார். ஆனால் நாள்தோறும் செய்யும் ஆன்ம சோதனையிலிருந்து மட்டும் எவரையும் விடுவிக்க மாட்டார்.

1556 ஜூலை 30-ஆம் நாள், தம் முடிவு நெருங்கியதை உணர்ந்து, பாப்பரசரின் ஆசீரைப் பெற்று வரும்படி செயலாளரை வேண்டினார். மருத்துவர் ஆபத்து இல்லை என்றிருந்தார். செயலாளருக்கோ ஸ்பெயினுக்கு அனுப்ப வேண்டிய கடிதங்கள் மிச்சம் இருந்தன. மறுநாள் போகலாமா என்று கேட்டார். இன்றே போவதைத் தாம் விரும்பினாலும், அவர் விருப்பப்படியே செய்யலாம் என்று இஞ்ஞாசியார் விட்டுக்கொடுத்தார். 31-ஆம் நாள் விடியலில் உயிர் பிரிந்தது. கடைசி ஆசையும் தள்ளிப்போயிற்று. அதற்கும் அவர் சம்மதித்தார். அப்போது சபையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். 1622 மார்ச் 12-ஆம் நாள், தோழர் சவேரியாரோடு ஒரே நாளில் அவரும் புனிதராக உயர்த்தப்பட்டார்.

நமக்கு

அன்பார்ந்த பங்கு மக்களே! தேவ அழைத்தல் குருக்களுக்கும் கன்னியருக்கும் மட்டுமே உரியது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். பரிசுத்த வாழ்வுக்கு எல்லோருமே அழைக்கப்பட்டவர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்கு நினைவூட்டியது. ஆகவே வாசலில் கேட்ட அந்தக் கேள்வி நம் அனைவருக்கும் உரியது. இஞ்ஞாசியாரின் வாழ்விலிருந்து நாம் எடுத்துச் செல்லக்கூடியவை சில உண்டு.

முடிவெடுக்கும் வேளையில், எது இனிக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், எது அமைதியைத் தங்க வைக்கிறது என்று சில நாட்கள் பார்ப்போம். உள்ளம் இருண்டு, சோர்ந்து கிடக்கும் வேளையில், தெளிவான நாளில் செய்த நல்ல தீர்மானத்தை மாற்றாமல் இருப்போம். நம் எண்ணத்தை நாமே நீதிபதியாக இருந்து தீர்க்காமல், ஆன்ம குருவிடமோ, விசுவாசமுள்ள பெரியவரிடமோ திறந்து காட்டுவோம். கதவு அடைபட்டால், அடைத்தவர்மீது கோபம் கொள்ளுமுன், அடுத்து என்ன என்று கேட்போம். இன்றைய கடமையை ஒழுங்காகச் செய்வோம்; நாளைய அழைப்பு அங்கேதான் நம்மைத் தேடி வரும்.

பெற்றோருக்கு ஒரு சொல். இப்பங்கிலிருந்து நல்ல குருக்கள் எழும்ப வேண்டும் என்று நாம் எல்லோரும் செபிக்கிறோம். ஆனால் அவர்கள் அடுத்த வீட்டிலிருந்து எழும்பட்டும் என்று உள்ளுக்குள் விரும்பிக்கொண்டிருந்தால், அந்தச் செபத்தை ஆண்டவர் எப்படிக் கேட்பார்? அதேபோல, பிள்ளைக்கு இல்லாத அழைப்பை, நேர்ச்சை என்ற பெயரால் அவன்மேல் சுமத்துவதும் தவறே. அழைப்பவர் இறைவன். நம் வேலை, பிள்ளை அமைதியாக இருந்து அவர் குரலைக் கேட்க, வீட்டில் சிறிது நேரமாவது சந்தடி இல்லாமல் வைத்திருப்பது.

ஐம்பது ஆண்டுகளாக நம் கோயில் மணி காலையும் நண்பகலும் மாலையும் ஒலிக்கிறது. ஊரே கேட்கிறது, நின்று செபிப்பவர் சிலர்தாம். பொன்விழாவின் நினைவாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பழக்கத்தைத் தொடங்க வேண்டுகிறோம். இரவு செபமாலை முடிந்ததும், விளக்கை அணைக்குமுன், ஐந்து நிமிடம் மௌனமாக அமர்ந்து அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்போம். எங்கே ஆண்டவர் அழைத்தார், எங்கே நாம் செவிகொடுத்தோம், எங்கே கடந்து போனோம் என்று எண்ணுவோம். நன்றி சொல்லி, மன்னிப்புக் கேட்டு, மறுநாளை அவரிடம் ஒப்படைப்போம். காலொடிந்து கிடந்த ஒரு போர்வீரரை இவ்வளவு சிறிய கவனிப்பைக் கொண்டே இறைவன் புனிதராக்கினார். நம்மையும் அவர் கைவிட மாட்டார்.

புனித இஞ்ஞாசியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். இறைவனின் மேலான மகிமைக்கே எல்லாம் ஆகுக!